கால்சியம் டப்பா

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ, அண்ணி, அம்மா எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி நான் கத்தப் போகிறேன், நீ வழக்கம்போல் பொறுமையாகப் படி.

இன்று வானொலி நிலையத்துக்கு என்னைத் தேடி ஒருவர் வந்தார். கழுத்தில் டை, கையில் தோல் பை. மருந்துக் கம்பெனிக்காரர். வரவேற்பறையில் எழுந்து நின்று, "மேடம், உங்க செய்தியைக் கேட்டுக்கிட்டேதான் தினமும் ஷேவ் பண்ணுவேன்" என்றார். பிறகுதான் என் தோள்களைப் பார்த்தார். குரலை மட்டும் கேட்டவர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஒரு திணறல் வரும், உனக்குத் தெரியுமே. தோளிலிருந்து நேராக மூன்று விரல்கள் முளைத்த பெண்ணிடம் கை நீட்டுவதா, கும்பிடுவதா என்று குழம்பி, கடைசியில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்த விஷயம் என்ன தெரியுமா? என் புகைப்படம் வேண்டுமாம். ஒரு மருந்துப் பெட்டியின் மேல் போட. எந்த மருந்து? அதுதான்!

நம் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. 'அது' என்போம், புரிந்துகொள்வோம். அந்த 'அது' திரும்பி வருகிறது அண்ணா. எலும்பு மஜ்ஜையில் வரும் ஏதோ ஒரு புற்றுநோய்க்கு அது நன்றாகக் கேட்கிறதாம். நன்னடத்தைக்காகச் சிறையிலிருந்து விடுதலை பண்ணியிருக்கிறார்கள். ஆனால் கர்ப்பிணிகள் தவறிக்கூட அதைத் தொடக்கூடாதே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் பாதிக்கப்பட்ட ஒருவரின் படம். எங்களைப் போலப் பாதிக்கப்பட்டவர்களின் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான் என்பதால் என் முகம். அதோடு, சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு கையெழுத்து.

எப்படி வேலை செய்கிறது என்றேன். "புதுசா ரத்தக் குழாய் முளைக்க விடாம தடுக்குது மேடம். அதனாலதான் அந்தக் காலத்துல குழந்தைங்களுக்கு..." என்று நிறுத்தினார். நானே முடித்துக் கொடுத்தேன். "எங்க கையை முளைக்க விடாம பண்ணிச்சு. இப்போ புத்தை முளைக்க விடாம பண்ணுது. அவ்வளவுதானே?" உடனே அவர் பேனாவை எடுத்து, "அழகாச் சொன்னீங்க மேடம், எழுதிக்கட்டுமா?" என்றார்.

வெளியே போகச் சொல்லிவிட்டேன். கையெழுத்தும் கிடையாது, படமும் கிடையாது.

அம்மாவின் முதுகு வலி எப்படி இருக்கிறது? போன தடவை அதைப் பற்றி எழுதுவதாகச் சொன்னாய், எழுதவில்லை.

உன் தங்கை


பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கடையில் வேலை அதிகம், பதில் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. இங்கே எல்லோரும் சௌகரியம். மருமகன் வேலை மாற்றலாகிப் போயிருப்பதால் என் மகள் கொஞ்ச நாளைக்கு எங்களோடு இருக்கிறாள். வீடு கலகலப்பாக இருக்கிறது. என் சட்டையெல்லாம் கிழவன் சட்டை என்று எடுத்து மூட்டை கட்டிவிட்டாள்.

அம்மாவுக்கு முதுகு வலிதான். வயதாகிறது இல்லையா. ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறோம்.

நீ எழுதிய மாத்திரை விஷயத்தில், மருந்துக் கடைக்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அது உண்மையிலேயே அந்த நோய்க்குக் கேட்கிறது என்றால்? வேறு எதுவும் கேட்காத நோயாளிகள் இருப்பார்கள் இல்லையா? ஒரேயடியாக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. கொஞ்சம் ஆறப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன், நீ எழுதியதைப் படிக்கும் வரை இருந்தேன்.

ஆறப் போடுவதா? நாற்பது வருஷமாக ஆறாத ஒன்றை இன்னும் எங்கே கொண்டுபோய் ஆறப் போட? நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு வாந்தியும் தூக்கமின்மையும் இருந்தன. அந்த டாக்டர் என்ன சொன்னார்? "ரொம்ப சாது மருந்தும்மா. பச்சைக் குழந்தைக்கே குடுக்கலாம்." நமக்கு மனப்பாடமான வசனம் அது. பெயர் எழுதாத காகித உறையில் போட்டுக் கொடுத்தார். அம்மா நன்றாகத் தூங்கினாள். நான் பிறந்தேன்.

எங்கள் சங்கத்தில் முன்பு இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேருக்கு இருக்கிற விரலும் தேய்ந்து, கழுத்து எலும்பு தேய்ந்து, தாடையால் கதவு திறந்து பல்லும் தேய்ந்துவிட்டது. இவர்களைக் கூட்டி உட்கார வைத்து, "வந்தவன் பழைய ஆள்தான், ஆனா இப்போ நல்லவன்" என்று நான் சொல்ல வேண்டுமா? கூட்டம் போட்டோம். கூச்சல். இரண்டு பேர் உன்னைப் போலவே பேசினார்கள். ஆட்சேபக் கடிதம் தயாராகிவிட்டது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். வரும் மாதம் அனுப்பப் போகிறேன். அது போனால் அனுமதி இப்போதைக்கு நகராது என்கிறார்கள். நகராமல் கிடக்கட்டும்.

நீ எப்போதிலிருந்து அதன் வக்கீல் ஆனாய்? அம்மாவை எந்த டாக்டரிடம் காட்டினாய்? முதுகு டாக்டரா, எலும்பு டாக்டரா? மொட்டையாக "ஒரு டாக்டர்" என்று எழுதுகிற ஆள் இல்லையே நீ. கடைக்கு வருகிற தாத்தாவிடம்கூட மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிவிட்டுத்தானே கொடுப்பாய்.

பதில் உடனே எழுது.

உன் தங்கை


மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

நலம் விசாரிக்கத் தைரியம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு முதுகு வலி இல்லை. முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியிருக்கிறது. மஜ்ஜையில் புற்று. நீ எழுதினாயே ஏதோ ஒரு புற்றுநோய் என்று, அதேதான். ஜனவரியிலேயே தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் வேறு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. முடி போனது, எடை போனது, வலி போகவில்லை. இரவில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முனகுவாள், நாம் எழுந்து போய்ப் பார்த்தால் தூங்குவது போல் கிடப்பாள்.

இனி ஒரு மருந்துதான் இருக்கிறது என்கிறார் டாக்டர். என்ன மருந்து என்று நான் எழுத வேண்டியதில்லை. நோயாளியின் பெயரைப் போட்டுச் சிறப்பு அனுமதியில் வரவழைக்கிறார்கள். உங்கள் சங்கத்தின் ஆட்சேபம் போனால் அந்த வழியும் அடைபடும் என்று அவரே சொன்னார். செயலாளர் என் தங்கை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்று கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

கடிதத்தைப் படித்துவிட்டு நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். ஆட்சேபக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதைக் கிழிக்க எனக்கு உரிமை இல்லை, அது இன்னும் பலருடையது. ஆனால் கூட்டத்தைக் கூட்டி, "என் அம்மாவுக்கு அந்த நோய் வந்திருக்கு" என்று சொன்னேன். எங்களில் மூத்தவர், கால்கள் இல்லாதவர், "முதல்ல அம்மாவைக் காப்பாத்து. சண்டை எங்கேயும் ஓடிப் போகாது" என்றார். ஆட்சேபத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்போது உன்மேல் எனக்குள்ள கோபத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாயா? என்னை என்னவென்று நினைத்தாய்? எனக்கு அவள் அம்மா இல்லையா? ஜனவரியிலிருந்து என்னிடம் மறைத்துக்கொண்டு, "மருந்துக் கடைக்காரன் என்ற முறையில்" என்று நைசாக ஆழம் பார்த்திருக்கிறாய். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் எரிகிறது.

கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவளிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஒரு தடவை அவளுக்கு என்னவென்று சொல்லாமல் அதைக் கொடுத்தார்கள். அதன் பலன்தான் இந்தக் கடிதத்தை மூக்கு காகிதத்தில் இடிக்க எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தடவையும் சொல்லாமலா? அதுவும் நீயா?

உடனே புறப்பட்டு வந்திருப்பேன். அவள் எதிரே பொய் முகத்தோடு உட்கார என்னால் முடியாது. நீ சொல், அடுத்த வண்டியில் வருகிறேன்.

உன் தங்கை


மே 17

அன்புத் தங்கைக்கு,

அம்மா இப்போது பரவாயில்லை. நம்ப மாட்டாய், நேற்று தானே எழுந்து வாசல் கேட் வரை நடந்தாள். வலி பாதியாகக் குறைந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் தோளில் தட்டிக் கொடுத்தார். நன்றாகத் தூங்குகிறாள். வருகிற போகிறவர்களிடம் எல்லாம், "என் பையன் குடுக்கற கால்சியம் அப்பா! என்னமா வேலை செய்யுது!" என்கிறாள்.

நீ கேட்ட விஷயத்துக்குச் சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும். நீ இப்போது வந்தால் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், அதனால் சற்றுப் பொறு.

அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள அத்தைக்கு உங்கள் மருமகள் எழுதிக்கொள்வது.

நான் நலமா என்று கேட்டால் என்ன சொல்ல? காலையிலிருந்து வாந்தி. ஆனாலும் நலம்தான். ஏன் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். இரண்டாவது மாதம்! அப்பா கூச்சப்பட்டுக்கொண்டு உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார், அதனால் நானே எழுதுகிறேன். அவர் கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் "உடம்பைப் பார்த்துக்கோ" என்றார்.

எதுவும் வயிற்றில் தங்கவில்லை, தூக்கமும் இல்லை அத்தை. பாட்டிதான் என்னைத் தாங்குகிறார். அவருக்கு இப்போது எவ்வளவோ தேவலை. அந்தக் கால்சியம் மாத்திரையைக் குடித்த பிறகுதான் ராத்திரி தூங்குகிறாராம். "பிள்ளைத்தாச்சிக்கும் கால்சியம் வேணும்டி. எலும்பு வளரணும்ல. என்னோடது நல்ல மாத்திரை, இதையே போடு" என்று தன் டப்பாவிலிருந்து நாலைந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார். இப்போது மேசை மேல் என் எதிரில்தான் இருக்கிறது. வாந்தி கொஞ்சம் நின்றதும் ஆரம்பிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

காலையில் உங்கள் செய்தி வந்தால் பாட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு யாரையும் பேச விடமாட்டார். குழந்தைக்கு உங்கள் குரல்தான் முதலில் கேட்கும் என்கிறார். சீக்கிரம் வாருங்கள் அத்தை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 14

அண்ணா,

போனில் உன்னோடு பேசியிருந்தால் நான் வாயில் வந்தபடி பேசியிருப்பேன். நல்ல வேளை, நீ கடையில் இருந்தாய்.

உன் மகளின் கடிதம் நிலையத்துக்கு வந்தது. செய்தி வாசிக்கப் போகும் நேரம். "கால்சியம்" என்ற வார்த்தையைப் படித்ததும் உன் மே மாதக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. என் பையன் கொடுக்கிற கால்சியம். வாசிக்க வைத்திருந்த காகிதங்களைக் கீழே போட்டுவிட்டு மேலாளர் அறைக்கு ஓடினேன். அவர்தான் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார்.

அவளே எடுத்தாள். "போட்டியா? அந்த மாத்திரையைப் போட்டியா?" என்று கத்தினேன். "எந்த மாத்திரை அத்தை?" என்றாள். "பாட்டி குடுத்தது! வாயில வச்சியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல!" என்றேன். "இல்ல அத்தை... இன்னும் இல்ல. தண்ணியே தங்கலை, அதான்..." என்றாள். பிறகு என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமல் சொன்னேன். "அது கால்சியம் இல்லடி. அது அதுதான்டி. தொடாதே. கையைக் கழுவு."

என் குரல் கூடத்துக்கே கேட்டிருக்கும் போல. போன் கை மாறியது. "என்ன மாத்திரை?" என்று அம்மா கேட்டாள்.

சொன்னேன். பெயரைச் சொன்னேன். நம் வீட்டில் யாரும் சொல்லாத பெயரை, செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அவளுக்கு இப்படித் தெரிய வேண்டியதா? ஒரு மனுஷி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய விஷயம் அது. உன் கோழைத்தனத்தால் நான் கூச்சல் போட்டுச் சொன்னேன்.

எப்படி அண்ணா? பெட்டியில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருந்திருக்குமே! அம்மா அச்சடித்த எதையும் விடமாட்டாள், பொட்டலக் காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிப்பாள். அதனால் மாத்திரையை உரித்து எடுத்துக் கால்சியம் டப்பாவில் போட்டுவிட்டாய். இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரையைப் பெயரில்லாமல் விற்காதவன், கல்யாணமான பெண் இருக்கிற உன் சொந்த வீட்டில் வேறு பெயர் போட்டு வைத்திருக்கிறாய். அன்றைக்கு அந்த டாக்டராவது பெயர் போடாத உறையில் கொடுத்தார், பொய்ப் பெயர் போட்டுக் கொடுக்கவில்லை. அம்மா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள் அண்ணா. இன்னொரு தடவை, இன்னொரு பிள்ளைக்கு. உன் மகள் விழுங்கியிருந்தால் நம் மூன்று பேரில் யார் உயிரோடு இருந்திருப்போம்?

அன்று செய்தி வாசித்தேன். குரல் கிழிந்துபோயிருந்தது. சளியா என்று கேட்டு நேயர்கள் போன் பண்ணினார்கள்.

அந்தக் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுப் படம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தோளிலிருந்து விரல் வரை முழுசாகத் தெரிகிற படம். அட்டைக்கு உள்ளேயும், ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். உன்னை மாதிரி ஒருவன் உரித்துக் கொட்டினாலும் அது யார் என்று தெரிய வேண்டும்.

தங்கை


ஜூலை 2

தங்கைக்கு,

திட்டினாய், வாங்கிக்கொண்டேன். என் மகள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அதுவும் நியாயம்தான். அதைப் பற்றி நீ இனி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

இப்போது நான் கேட்கிறேன். உனக்குக் கோபப்படக் கம்பெனி இருக்கிறது, அரசாங்கம் இருக்கிறது, நான் இருக்கிறேன். மைக் முன்னால் உட்காராத நேரமெல்லாம் நீ யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருக்கிறாய். எனக்கு யார் இருக்கிறார்கள்? இரவில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறவன் நான். அவள் முனகலைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறவன் நான். "மறுபடியும் அந்த மாத்திரைம்மா" என்று அந்த முகத்தைப் பார்த்து நீ சொல்லிப் பார், அப்போது தெரியும் கோழை யார் என்று. அம்மாவிடம் சொன்னால்தான் வருவேன் என்றாய். சொல்லியாகிவிட்டதே, நீயே சொன்னாயே. ஏன் இன்னும் வரவில்லை?

நீ போனில் சொன்ன அன்றைக்கே அம்மா டப்பாவைக் கொல்லையில் வீசிவிட்டாள். அன்றிலிருந்து மாத்திரை போடவில்லை. புதுப் பெட்டி வாங்கி வந்தேன், தொடவில்லை. வலி திரும்பிவிட்டது. இப்போது படுக்கையை விட்டு எழுவதில்லை. இப்படியே விட்டால் மழைக்காலம் வரை தாங்காது என்கிறார் டாக்டர். நானும் என் மகளும் மாற்றி மாற்றிக் கெஞ்சிவிட்டோம்.

நேற்று என் மகள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அம்மா சொன்னாள். "அவ ஊரையே திட்டுவா. உங்கப்பனைத் திட்டுவா. என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. ஒரு நாள் திட்டியிருந்தா தண்டனை முடிஞ்சிதுன்னு நிம்மதியா இருந்திருப்பேன். அது என்னைக் காப்பாத்தக்கூடாது. அதுக்கு அந்த யோக்கியதை இல்ல, எனக்கும் இல்ல."

உனக்கு என்ன எழுதத் தோன்றுகிறதோ அவளுக்கு எழுது. எனக்கு எழுதாதே.

அண்ணன்


ஜூலை 8

அம்மா,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமில்லை என்று தெரியும், ஏன் என்றும் தெரியும்.

உனக்கு நான் இதுவரை எழுதியதெல்லாம் நல்ல கடிதங்கள். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. இது நல்ல கடிதம் இல்லை. திட்ட வேண்டும் என்றாயாமே, திட்டுகிறேன்.

முதலில் ஒன்று. மாத்திரை போட்டதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. துளிகூட இல்லை. டாக்டர் கொடுத்தார், போட்டாய். அதற்காகத் திட்ட வேண்டும் என்று நீ எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. அதை நானே இப்போதுதான் தோண்டி எடுக்கிறேன்.

என் சட்டைக் கைகளில் பஞ்சை அடைத்துத் தைத்தாயே, அதற்குக் கோபம். வெயில் காலத்தில் அந்தப் பஞ்சுக் கைகள் வியர்வையில் ஊறி இரண்டு பக்கமும் தொங்கும். நான் அதைக் கடித்துப் பிய்த்தால் மறுநாள் புதுப் பஞ்சு இருக்கும். விருந்தாளி வந்தால், "உள்ளே போய்ப் படிம்மா" என்பாய். அண்ணனிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவன் என்ன, படித்து முடித்துவிட்டானா? புகைப்படம் எடுக்கிற அன்று என்னை எல்லோருக்கும் பின்னால், கழுத்துக்குக் கீழே தெரியாமல் நிறுத்துவாய். இந்த வயதில், ஒரு மருந்துக் கம்பெனிக்காகத்தான் நான் முதல்முறை கை தெரியப் படம் எடுத்துக்கொண்டேன். போட்டோக்காரர் "சிரிங்க" என்றார், எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை உன்னால் வந்தது, கம்பெனியால் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. நீ என்னை அடித்ததே இல்லை. அண்ணனுக்கு ஸ்கேல், கரண்டி, செருப்பு எல்லாம் கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் உன் அலமாரிக் கண்ணாடியை வேண்டுமென்றே உதைத்து உடைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அடி விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன். நீ துடைப்பத்தை எடுத்து வந்து சில்லுகளைக் கூட்டிக்கொண்டே, "பரவாயில்லம்மா" என்றாய். அந்தப் "பரவாயில்லம்மா" இருக்கிறதே, அதை மாதிரி சுட்ட ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் என் கையைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் தப்பைப் பார்த்தாய். நான் உன் மகளாக இருந்தேனா, உன் தண்டனையாக இருந்தேனா? ஒரு சாதாரணக் கெட்ட பிள்ளையாக இருக்க எனக்கு ஒரு நாளாவது வாய்ப்புக் கொடுத்தாயா? அதனால்தான் நானும் உன்னைத் திட்டவில்லை. நீ எனக்குப் பரவாயில்லை சொன்னாய், நான் உனக்குச் சொன்னேன். நாற்பது வருஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தூரத்திலேயே வைத்துக்கொண்டோம். அண்ணன் கேட்டான், ஏன் இன்னும் வரவில்லை என்று. இதனால்தான். வந்தால் நான் மறுபடியும் நல்ல பெண்ணாகிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அந்த மாத்திரைக்கு உன்னைக் காப்பாற்றுகிற யோக்கியதை இல்லை என்றாயாம். யோக்கியதையா? அது நம் வீட்டில் ஒரு ஜோடி கையைத் தின்றிருக்கிறது. இப்போது வேலை செய்யட்டும். சம்பளம் இல்லாமல், லீவு இல்லாமல் உனக்காக உழைக்கட்டும். அதைக் கொல்லையில் வீசி நீ அதற்கு விடுதலை கொடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது பொறுக்கவில்லை.

சனிக்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இன்னும் திட்டி முடியவில்லை, பாதிகூட வரவில்லை. காகிதத்தில் முடிகிற கோபம் இல்லை இது. நான் வந்து நின்று கத்தும்போது நீ எழுந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். செத்துப்போய்த் தப்பிக்கலாம் என்று பார்க்காதே. மாத்திரையைப் போடு.

உன் மகள்


ஜூலை 12

ரேடியோக்காரிக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தை உன் மருமகள் படித்துக் காட்ட வந்தாள். பிடுங்கி நானே படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து. முதுகு உயிர் போகிற மாதிரி வலித்தது, ஆனாலும் முழுதும் படித்தேன்.

நீ எழுதியதெல்லாம் சரியில்லை. பஞ்சு வைத்தது உன்னை மறைக்க மட்டும் இல்லை. நீ தடுக்கி விழுந்தால் ஊன்றக் கை கிடையாது, நேராகத் தோளில்தான் விழுவாய். இரண்டு தடவை எலும்பு முறிந்தது. பிறகுதான் பஞ்சு. இதை நீ என்னைக் கேட்டிருக்கலாம். விருந்தாளி விஷயம் என் தப்பு. புகைப்படம் என் தப்பு. அதற்கு நேரில் இன்னும் கத்து, வாங்கிக்கொள்கிறேன்.

கண்ணாடியை வேண்டுமென்றே உடைத்தாய் என்று எனக்கு அன்றே தெரியும். கை ஓங்கிவிட்டேன். நீ பார்க்கவில்லை, துடைப்பம் எடுக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடித்தால் தடுத்துக்கொள்ளக் கையில்லாத பிள்ளையை எப்படியடி அடிப்பது? அது உனக்குப் பெரிய குறையாக இருந்தது என்று இந்த வயதில் சொல்கிறாய். அப்போதே சொல்லியிருந்தால் நாலு போட்டிருப்பேன். வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாது. யாரைக் கொண்டு பிறந்தாயோ.

உன் அண்ணனைப் பெட்டியோடு கொண்டு வரச் சொன்னேன். அதன் பெயரை அவன் வாயால் படிக்கச் சொன்னேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டான். மறுபடி படிக்கச் சொன்னேன். ஒழுங்காகப் படித்தான். எச்சரிக்கையை எல்லாம் நான் படித்தேன், கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை. பேத்தியை அடுத்த அறைக்குப் போகச் சொல்லிவிட்டு, நானே உரித்து, நானே போட்டேன். கசந்தது. அன்றைக்கும் கசந்ததா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. உன் அண்ணனும் அழுதான், அவனுக்கும் திட்டு விழுந்தது.

இனி தினமும் போடுவேன். உனக்குப் பயந்து இல்லை. நீ எழுதியதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. சில இடத்தில் நான் சொல்வதுதான் நியாயம், நீ ஒத்துக்கொள்ளும் வரை விடமாட்டேன்.

இன்னும் எழுத வேண்டும், ஆனால் மாத்திரை வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. எழுத்து கோணுகிறது பார், தூக்கம் வருகிறது. மீதிச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அம்மா